முப்பது கிலோ கால்சியம்

2021 மார்ச் மாதம் ஒரு நாள் மதியம் பிவிசி பைப்புக்கு மூலப்பொருளான பிளாஸ்டிக் மாவை, அதாவது ரெசினை, எங்களுக்கு விற்கிற டீலர் வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினார். ஒரே பக்கம். மேலே ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் சின்னம், கீழே ஒரு கையெழுத்து, நடுவில் 'ஃபோர்ஸ் மெஷூர்' என்று கொட்டை எழுத்தில். எங்கள் கையை மீறிய காரணத்தால் ஒப்புக்கொண்ட சரக்கை ஒப்புக்கொண்ட தேதிக்குத் தர முடியவில்லை, அதற்கு நாங்கள் பொறுப்பாக மாட்டோம். மொத்தக் கடிதமும் இவ்வளவுதான். பின்னாலேயே டீலரின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "தம்பி, அமெரிக்காவுல பனி பேஞ்சு பிளான்ட் பூரா நின்னுபோச்சாமாங்க. நம்ம கண்டெய்னரு இப்போதைக்கு வராது. லோக்கல் சரக்கு வேணும்னா இன்னைக்கே சொல்லிப்போடுங்க, இன்னைக்கு ரேட்டு நாளைக்கு நிக்காதுங்க."

நான் நம்பவில்லை. டீலருக்கு விலை ஏற்ற மாதம் ஒரு கதை வேண்டும். போன மாதம் கண்டெய்னர் தட்டுப்பாடு, அதற்கு முந்தின மாதம் கொரோனா, இந்த மாதம் பனி. கேட்டால் டெக்சாஸ் மாநிலம் என்றார். டெக்சாஸ் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கௌபாய் தொப்பியும் பாலைவனமும்தான், அங்கே எங்கிருந்து பனி வந்தது என்று சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. ஆனால் அந்த ஒரு பக்கக் கடிதம் மட்டும் இன்றுவரை என் போனில் அழியாமல் இருக்கிறது, அதை யார் எழுதலாம், யார் எழுத முடியாது என்கிற கேள்வியும் கூடவே இருக்கிறது.

கோவைக்கு வெளியே, அவிநாசி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ரெசினை உருக்கிக் குழாயாகத் தள்ளுகிற எக்ஸ்ட்ரூடர் மெஷின் இரண்டு லைன் வைத்துப் பிவிசி பைப் ஓட்டுகிறோம். 1994-இல் அப்பா ஒரு செகண்ட் ஹேண்ட் மெஷினோடு ஆரம்பித்தது. போர்வெல்லுக்குக் கேசிங், தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற பைப், கொஞ்சம் ஒயரிங் பைப். பல்லடம், காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கத்து ஹார்டுவேர் கடைகளும், போர் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களும்தான் எங்களுக்கு மகாலட்சுமி. விற்பது லென்த் கணக்கில், ஒரு லென்த் இருபது அடி. ஒரு லென்த்தின் விலையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் ரெசினுக்கே போய்விடும். பெட்ரோகெமிக்கல் தொழில் என்று பேப்பரில் படித்தால் ஜாம்நகரும் ஹல்டியாவும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தத் தொழிலின் வால் நுனியில் இருப்பவர்கள் நாங்கள். தலை லேசாகத் திரும்பினாலே வால் போய்ச் சுவரில் அடிபடும்.

பேரல் கருகிய ராத்திரி

டெக்சாஸைப் பற்றிச் சொல்லும் முன் 2012-ஐப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவையில் தொழில் நடத்தியவர்களிடம் அந்த வருஷத்தின் பேரைச் சொன்னாலே போதும், முகம் மாறிவிடும். சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், பதினாலு மணி நேரம் கரண்ட் இல்லாத காலம். அறிவித்த கட்டு ஒன்று, அறிவிக்காத கட்டு இரண்டு. அறிவித்ததைச் சமாளித்துவிடலாம், மற்றதுதான் கொல்லும்.

பிவிசி பவுடரை, அதாவது ரெசினை, கால்சியம் (சுண்ணாம்புக்கல் மாவு), சூட்டில் கெடாமல் காக்கிற ஸ்டெபிலைசர், வேக்ஸ் எல்லாம் சேர்த்து மிக்ஸரில் சூடாக்கிக் கலந்து, எக்ஸ்ட்ரூடரின் பேரல் என்கிற உருளைக்குள் விடுகிறோம். உள்ளே 170, 180 டிகிரி. இரண்டு ஸ்க்ரூவும் சுற்றிக்கொண்டே இருக்கும், மாவு உருகி நகர்ந்துகொண்டே இருக்கும். நகர்கிறவரை ஒன்றும் ஆகாது. கரண்ட் போனால் ஸ்க்ரூ நின்றுவிடும், சூடு நிற்காது. பிவிசிக்கு இருக்கிற குணமே அதுதான், சூட்டில் சும்மா உட்கார வைத்தால் தன்னைத் தானே தின்ன ஆரம்பித்துவிடும். உள்ளிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆவியாகக் கிளம்பும், கண் எரியும், தொண்டை கமறும், மஞ்சளாகிப் பழுப்பாகிக் கடைசியில் கரிக்கட்டி.

அந்த ராத்திரி ஜெனரேட்டர் பேட்டரி செத்துக் கிடந்தது. ஒன்றரை மணி நேரம். கரண்ட் வந்தபோது யாரும் சுவிட்சைப் போடவில்லை, போட்டால் ஸ்க்ரூ முறிந்துவிடும். பைப்புக்கு வடிவம் கொடுக்கிற டை அச்சைக் கழற்றி, ஸ்க்ரூவை வெளியே இழுத்து, பித்தளைத் தகட்டால் கரியைச் சுரண்டிச் சுரண்டி, மறுநாள் சாயங்காலம் வரை அப்பாவும் நானும் ஆபரேட்டரும் அதே வேலையாக இருந்தோம். அமிலம் பட்ட இடத்தில் ஸ்க்ரூ அரித்துப் போயிருந்தது. கருகிய சரக்கைக் கோணிப்பையில் கட்டி அப்பா வாசலில் தூக்கி எறிந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அன்றிலிருந்து கரண்ட்டை நான் ரெசின், கால்சியம், ஸ்டெபிலைசர் வரிசையில் நாலாவது மூலப்பொருளாகத்தான் எண்ணுகிறேன். பில் வருகிறதே என்று கவலைப்படுகிறவனுக்கு அது செலவுக் கணக்கு. மெஷின் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கு அது வேறு.

டெக்சாஸ்

டீலர் சொன்னது பொய் என்று கண்டுபிடித்து அவரிடமே காட்ட வேண்டும் என்கிற வெறியில்தான் அன்று ராத்திரி இன்டர்நெட்டில் தேடினேன். பொய் இல்லை.

2021 பிப்ரவரி 13-ஆம் தேதியிலிருந்து நாலைந்து நாள் டெக்சாஸ் மாநிலம் முழுக்க உறைந்து கிடந்திருக்கிறது. 15-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, அந்த மாநிலத்தின் மின்தொகுப்பை நடத்துகிற எர்காட் வீடுகளுக்குக் கரண்டை வெட்ட ஆரம்பித்தது. அவர்கள் கரண்டின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும், உற்பத்தி பற்றாவிட்டால் இறங்கும். அது 59.4-க்குக் கீழே இறங்கி நாலு நிமிஷத்துக்கு மேல் அங்கேயே நின்றிருக்கிறது. இன்னும் நாலரை நிமிஷம் அப்படியே இருந்திருந்தால் மொத்தத் தொகுப்பும் விழுந்து, திரும்ப எழுப்ப வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட ஆகியிருக்கும் என்கிறார்கள். 45 லட்சம் வீடுகளுக்குக் கரண்ட் இல்லை. அரசாங்கக் கணக்குப்படியே 246 பேர் செத்துப்போனார்கள். உலகத்துக்கே எரிவாயு விற்கிற மாநிலத்தில் ஜனங்கள் குளிரில் செத்தார்கள்.

இதில் என்னை உலுக்கியது ஒரு சின்ன விஷயம். டெக்சாஸில் பெரும்பகுதிக் கரண்ட் எரிவாயுவில்தான் வருகிறது. அந்த எரிவாயுவைக் கிணற்றிலிருந்து எடுத்துக் குழாயில் தள்ளுகிற கம்ப்ரசர்கள் பலவும் கரண்டில் ஓடுகின்றன. 'இந்த இணைப்பை எந்தக் காலத்திலும் வெட்டக்கூடாது' என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், பலர் கொடுக்கவில்லை. அதனால் கரண்ட் கட்டில் கம்ப்ரசர்களும் நின்றன, எரிவாயு வரவில்லை, வராததால் மின்நிலையம் நின்றது, நின்றதால் இன்னும் கட்டு. சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் திண்ணையில் நிற்கிற கதைதான்.

பெட்ரோகெமிக்கல் பிளான்ட்டுகள் நின்றது இந்தக் கூத்துக்கு நடுவில். மெக்சிகோ வளைகுடாக் கரை வெக்கையான பிரதேசம் என்பதால் அங்கே பிளான்ட்டுகளைச் சுவர் எழுப்பி மூடுவதில்லை, குழாயெல்லாம் வெட்டவெளியில். தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தது, நீராவிக் குழாய் உறைந்தது, மீட்டருக்குப் போகிற விரல் தண்டிக் குழாய்கூட உறைந்து, உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாமல் போனது. எரிவாயுவோடு கிடைக்கிற எத்தேனை 800 டிகிரிக்கு மேல் சூடாக்கி, பிவிசிக்கு வேண்டிய எத்திலீனாக உடைக்கிற உலைக்குக் கிராக்கர் என்று பேர். ஓடிக்கொண்டிருப்பதைத் திடீரென்று நிறுத்தினால் உள்குழாயில் கரி படியும், சூடு சட்டென்று இறங்குகிற அதிர்ச்சியில் உலோகம் விரிசல் விடும், பார்த்துச் சரிசெய்து திரும்பக் கிளப்ப வாரக்கணக்கில் ஆகும். அமெரிக்காவின் எத்திலீன் உற்பத்தித் திறனில் பாதிக்கு மேல் அந்த வாரம் நின்றது. படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு 2012-இன் பேரல் வாசனை வந்தது. அளவுதான் வேறு. அவர்கள் கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குச் சட்டென்று புரிந்தது, டீலர் மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்தில் கழன்றுவிட்டது.

அதே கரையை அதற்கு ஆறு மாதம் முன்னால்தான், 2020 ஆகஸ்ட் கடைசியில், லாரா புயல் லூசியானா மாநிலத்து லேக் சார்ல்ஸ் பக்கம் அடித்துப் போட்டிருந்தது. அடுத்த ஆகஸ்ட்டில் ஐடா புயல் லூசியானாவுக்கு வந்தது. ஏறக்குறைய ஒரு வருஷத்தில் மூன்று அடி. எரிவாயு மலிவு, உப்பு பூமிக்கடியிலேயே கிடைக்கிறது, துறைமுகம் வாசலில், எல்லாரும் ஒரே கரையில் போய்க் குவிந்தால் அடி விழும்போது எல்லாருக்கும் சேர்த்துத்தான் விழும். திருப்பூரில் சாயப்பட்டறை மூடினபோது நாம் பார்த்ததுதானே.

மார்ச் 23-ஆம் தேதி எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் நின்றது. டீலர் அதையும் அனுப்பினார், இந்த முறை போட்டோவோடு. நம்பினேன்.

உப்பும் கார்பைடு கல்லும்

பைப்பை எண்ணெயில் செய்கிறார்கள் என்றுதான் நானும் இருபது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிவிசியின் எடையில் 57 சதவீதம் குளோரின், அதாவது உப்பிலிருந்து வந்தது. மீதிதான் எத்திலீன் வழி. உப்புத் தண்ணீரில் கரண்ட் பாய்ச்சிக் குளோரினைப் பிரிக்கிறார்கள், கூடவே காஸ்டிக் சோடா வருகிறது, ஒரு டன் காஸ்டிக்குக்கு 2,000 யூனிட்டுக்கு மேல் கரண்ட் வேண்டும். குளோரினைப் பெரிய அளவில் சேர்த்துவைக்க முடியாது, வந்தவுடன் எதிலாவது கட்டிப்போட வேண்டும். ஆக எங்கள் பைப்பின் ஒரு பாதி கரண்ட், மறுபாதி எரிவாயு அல்லது கச்சா எண்ணெயிலிருந்து வருகிற நாப்தா. எந்தப் பக்கம் இழுத்தாலும் விலை ஆடும்.

சீனாக்காரர்கள் பெரும்பாலும் வேறு வழியில் செய்கிறார்கள். நிலக்கரியையும் சுண்ணாம்பையும் மின் உலையில் உருக்கிக் கார்பைடு, அதிலிருந்து அசிட்டிலீன், அதிலிருந்து பிவிசி. மாம்பழத்தைப் பழுக்க வைக்கிறார்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆபீசர்கள் பிடிக்கிறார்களே, அதே கார்பைடு கல்தான். ஒரு டன் கல்லுக்கு 3,000 யூனிட்டுக்கு மேல் கரண்ட், ஒரு டன் பிவிசிக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் கல். 2021 செப்டம்பரில் சீனாவில் நிலக்கரி பற்றாமல், மாகாணங்களுக்கு வைத்த மின்சார அளவும் தாண்டிப்போய், முதலில் கையை வைத்தது இந்த மாதிரிக் கரண்ட் தின்னும் உலைகளில்தான். உள் மங்கோலியாவில் கார்பைடு உலையை நிறுத்தச் சொல்கிறார்கள், அக்டோபரில் அவிநாசி ரோட்டில் ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறான். 2020 நடுவில் கிலோ 70 ரூபாய்ச் சுற்றில் இருந்த ரெசின் அந்த அக்டோபரில் 150-ஐத் தாண்டியது.

நமக்கு வேண்டிய பிவிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. தைவானின் ஃபார்மோசா பிளாஸ்டிக்ஸ் இந்தியாவுக்கு இந்த மாதம் என்ன விலை சொல்லியிருக்கிறது என்று கோவையில் பைப் ஓட்டுகிறவன் ஒவ்வொரு மாதமும் தவம் கிடக்கிறான். கடலூரில் பிளான்ட் இருக்கிறதே, சாகுபுரத்தில் இருக்கிறதே என்று கேட்கலாம். இரண்டுக்கும் பிவிசிக்கு முந்தின நிலைச் சரக்கான வினைல் குளோரைடு கப்பலில்தான் வந்து இறங்குகிறது. மூட்டையில் தமிழ்நாட்டு முகவரி இருந்தாலும் உள்ளே இருப்பது கடல் தாண்டி வந்த சரக்குதான். முந்த்ராவில் நிலக்கரியிலிருந்தே பிவிசி செய்யப் பெரிய பிளான்ட் வருகிறது, வந்துவிட்டால் கப்பலை நம்ப வேண்டாம் என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் உற்சாகமாகப் பேசினார். இருக்கலாம். அங்கே ஒரு நாள் நிலக்கரியோ கரண்டோ தடுக்கினால் அப்போதும் அதே ஒரு பக்கக் கடிதம் வரும், குஜராத் முகவரியோடு வரும் என்பது என் சந்தேகம். இதைச் சொன்னதற்கு அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பனி உண்மை என்று தெரிந்த பிறகு டீலரிடம் நேராகவே போய்க் கேட்டேன். அவர் குடோனில் பழைய விலைக்கு வாங்கின நாற்பது டன் இருந்தது எனக்குத் தெரியும். அதை ஏன் புது விலைக்கு விற்கிறீர்கள் என்றேன். அவர் டீ சொல்லிவிட்டு நிதானமாகச் சொன்னார். "தம்பி, இத வித்துட்டு நாளைக்கு நான் வாங்கறப்ப புது ரேட்டுலதானுங்க வாங்கோணும். நீங்க மட்டும் போன மாசம் ஓட்டி வெச்ச பைப்ப என்ன ரேட்டுக்குக் குடுத்தீங்க?" நான் டீயைக் குடித்தேன். பனியும் உண்மை, பதுக்கலும் உண்மை, பதுக்கினதில் என் ஷெட்டும் சேர்த்தி.

முப்பது

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. ஜனவரியில் பல்லடம் பக்கத்து ஹார்டுவேர் கடை ஒன்றுக்கு 600 லென்த் ஒப்புக்கொண்டிருந்தேன். தோட்டத்துக்கு ஓட்டுகிற நான்-ஐஎஸ்ஐ பைப், ரேட் பேசி முடித்து, அட்வான்ஸும் வாங்கியாகிவிட்டது. அட்வான்ஸ் ரெசினாக மாறி, ரெசின் வேறு ஆர்டருக்குப் பைப்பாக மாறி, அந்தப் பணம் இன்னும் வசூலாகாமல் வெள்ளக்கோவிலில் நின்றுகொண்டிருந்தது. தொழில் செய்கிறவர்களுக்கு இது புரியும். மார்ச் கடைசியில் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு லென்த்துக்கும் கையிலிருந்து காசு போகிறது.

சரி, நாமும் ஒரு கடிதம் எழுதுவோம் என்று தோன்றியது. நிஜமாகவே எழுதினேன். லெட்டர்ஹெட்டில், தமிழில், உலகளாவிய மூலப்பொருள் நெருக்கடி, கையை மீறிய காரணம், விலையைத் திருத்திக்கொள்ள அன்புடன் வேண்டுகிறோம் என்றெல்லாம் போட்டு, அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் கடிதத்தையும் இணைத்துக் கடைக்கார அண்ணனுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் போன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "ஏனுங் தம்பி, இந்தக் கடுதாசிய வெச்சு நான் என்னங்க பண்றது? தோட்டத்துக்காரங்ககிட்டப் போயி டெக்சாசுல பனின்னு சொன்னா என்னைய லூசும்பாங்க. போரு போட்டுட்டுத் தண்ணிய வெச்சுக்கிட்டுப் பைப்புக்கு உக்காந்திருக்கறாங்க. பேசின ரேட்டுக்குக் குடுங்க, இல்லீனா அட்வான்ஸத் திருப்பிக் குடுங்க." இரண்டுமே என்னிடம் இல்லை.

கால்சியம் என்று நாங்கள் சொல்வது கால்சியம் கார்பனேட் பவுடர், சுண்ணாம்புக்கல் மாவுதான். பைப்பில் அது இருக்கத்தான் வேண்டும், விறைப்புக் கொடுக்கும், அளவோடு போட்டால் தப்பே இல்லை. நாங்கள் அந்த ரகத்துக்கு நூறு கிலோ ரெசினுக்குப் பதினைந்து கிலோ போடுவோம். கால்சியம் கிலோ ஏழெட்டு ரூபாய். ரெசின் அதைப்போல் இருபது மடங்கு விலையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் கை தானாகப் போகும். அன்று ராத்திரி ஷிப்ட் ஆரம்பிக்கும் முன் மிக்ஸருக்குப் பக்கத்தில் நின்று ஆபரேட்டரிடம் சொன்னேன். அவர் பதினெட்டு வருஷமாக எங்களிடம் இருக்கிறவர். "முப்பதுங்களா?" என்று ஒரு தரம் கேட்டார். "முப்பது" என்றேன். இரண்டாவது தரம் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

பைப் நன்றாகத்தான் வந்தது. மேலே சாம்பல் நிறம் கொஞ்சம் மங்கல், வெட்டின முகத்தில் கொஞ்சம் வெளுப்பு, அவ்வளவுதான். இதில் ஒரு குரூரம் உண்டு. கால்சியம் ரெசினைவிடக் கனம், அதனால் கால்சியம் ஏற ஏறப் பைப் கனக்கும். கடையில் வந்து பைப்பைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்குகிறவருக்கு அது நல்ல பைப்பாகத் தெரியும். நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றுவைத்திருக்கிற பரிசோதனையே அவர்களுக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. காலையில் பத்து மணிக்கு 210 லென்த் டெம்போவில் ஏறிப் போய்விட்டது.

அப்பா தினமும் சாயங்காலம் ஷெட்டுக்கு ஒரு நடை வருவார். கொரோனா காலம், மாஸ்க்கைத் தாடையில் இறக்கிவிட்டுக்கொண்டு, தறியில் நூல் பார்க்கிற மாதிரி லைனைப் பார்த்துக்கொண்டே நடப்பார். அன்று கட்டர் பக்கத்தில் கிடந்த ஒரு சாண் துண்டை எடுத்தார். வெட்டு முகத்தை நகத்தால் கீறினார். தரையில் போட்டுச் செருப்புக் காலால் மெதுவாக அழுத்தினார். நல்ல பைப் என்றால் தட்டையாகிக் கொடுக்கும், காலை எடுத்தால் பாதி எழும். இது டப்பென்று இரண்டாகப் பிளந்தது. பொரை பிஸ்கட் மாதிரி. அவர் குனிந்து இரண்டு துண்டையும் எடுத்து ஸ்கிராப் டிரம்மில் போட்டார். எவ்வளவு போட்டாய் என்று கேட்கவில்லை, எத்தனை லென்த் போயிற்று என்றும் கேட்கவில்லை. போகும்போது, "அன்னைக்குக் கருகுனதத் தூக்கி வெளிய போட்டம். அது கருகுனது கண்ணுக்குத் தெரிஞ்சுதுடா. இது தெரியாது" என்றார். அவ்வளவுதான், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மீதி 390 லென்த்தைப் பழையபடி பதினைந்திலேயே ஓட்டினேன், நஷ்டத்தில். வீட்டில் ஒரு நகை போனது. இதை நல்ல காரியம் செய்ததாக நான் சொல்லிக்கொள்ளவில்லை, ஏனென்றால் டெம்போ போய்விட்டது, திருப்பிக் கொண்டு வா என்று நான் போன் செய்யவில்லை. செய்திருக்கலாம். 210 லென்த்தை அரைத்துத் திரும்ப ஓட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், கணக்குச் சரியாக வரவில்லை, போனைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த வருஷம் பூராவும் எங்கள் தொழிலில் இதுதான் நடந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். டெக்சாஸ் பிளான்ட் வியாபாரிக்குக் கடிதம் எழுதியது, வியாபாரி டீலருக்கு அதைத் தள்ளினார், டீலர் எனக்குத் தள்ளினார். நான் எழுதின கடிதத்துக்குச் சிரிப்புத்தான் கிடைத்தது. கடிதம் செல்லாத இடத்தில் ஆட்கள் கலவையில் எழுதுகிறார்கள். நானும் எழுதினேன். அந்தக் கடிதம் கடைசியில் மண்ணுக்கு அடியில் ஒன்றரை அடி ஆழத்தில், தென்னைக்குத் தண்ணீர் பாய்கிற ஏதோ ஒரு வரப்பு ஓரமாகப் போய்ச் சேர்கிறது. அதைப் படிக்கிறவர் டெக்சாஸ் என்ற பேரைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்.

அப்புறம்

2022-இல் எல்லாம் தலைகீழ். வருஷக் கடைசிக்குள் ரெசின் விலை ஏறக்குறைய பாதிக்கு வந்துவிட்டது. இன்னும் ஏறும் என்று பயந்து குடோனை நிரப்பியவர்கள்தான் அதில் அதிகமாக அடிபட்டார்கள், நானும் உண்டு. டீலர் முகத்தில் கொஞ்ச நாள் ஈயாடவில்லை, சத்தியமாக எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததும் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள், இரண்டு வாரம் தாமதம் என்று திரும்பவும் போட்டோக்கள். இப்போதெல்லாம் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஆகஸ்ட் பிறந்தால் மெக்சிகோ வளைகுடாவில் புயல் கிளம்பியிருக்கிறதா என்று பார்ப்பேன், ஜனவரியில் ஹூஸ்டனில் எத்தனை டிகிரி என்று பார்ப்பேன். "அங்க யாரு இருக்கறாங்க உங்களுக்கு?" என்று மனைவி கேட்கிறாள்.

2023 கோடையில் அந்தக் கடைக்கார அண்ணன் போன் செய்தார். ஒரு தோட்டத்தில் பைப் வெடித்துக்கொண்டே இருக்கிறதாம், வந்து பார்த்துவிட்டுப் போங்க என்றார். பல்லடம் தாண்டிப் போனேன். கிணற்று மேட்டிலிருந்து தொட்டி வரைக்கும் போட்ட லைன், மூன்று இடத்தில் கட்டுத் துணி மாதிரி ரப்பர் டியூப் சுற்றிச் சணலால் கட்டியிருந்தார்கள். இங்க் அழிந்து தேதி தெரியவில்லை. உடைந்த துண்டைக் கையில் எடுத்து வெட்டு முகத்தின் வெளுப்பைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. தோட்டத்துக்காரர் என்னைத் திட்டவில்லை, "போன தடவ வாங்குனது நல்லாத்தானுங்க இருந்துச்சு, இது என்னமோ வெயிலுக்குத் தாங்கல" என்றார். வெயிலாகத்தான் இருக்கும் என்று நான் தலையாட்டினேன்.

பதினொரு லென்த் அந்த லைனில். மறுநாள் டெம்போவில் புதுசு அனுப்பி, பழையதை எடுத்துவரச் சொன்னேன், பில் போடவில்லை. ஷெட்டில் அதை அரைக்கும்போது ஆபரேட்டர் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெஷினுக்குள் போட்டார். மீதி 199 லென்த் எந்தெந்தத் தோட்டத்தில் கிடக்கிறது என்று கடைக்கார அண்ணனுக்கும் தெரியாது, அவர் நோட்டில் தேதி உண்டு, பேர் கிடையாது.